மொதல்ல கடையைப் புடி, மருமவனே

ஏல மருமவனே, பழையபடி பீர் காய்ச்சப் போறியாமே! உன் வீட்டுக்காரிதான் போன்ல சொன்னா. "அவிய மறுபடியும் ஆரம்பிச்சுட்டாவ பெரியப்பா"ன்னா. அந்தக் குரல்ல அழுகை இருந்துச்சா சிரிப்பு இருந்துச்சான்னு எனக்குப் புடிபடல. முறைக்கு அவ எனக்கு மக. அவ பக்கம் நின்னுதான் நான் பேசணும். ஆனா நீ எந்தங்கச்சி பெத்த பிள்ளை, அதுலயும் எது காய்ச்சுனாலும் மாமனுக்குன்னு ஒரு பாட்டிலை ஒதுக்கி வைக்கிறவன். ஆகையால நடுவுல ஒரு நாற்காலியைப் போட்டு உக்காந்து சொல்லுதேன், கேளு.

மொதல்ல ஒண்ணை ஒத்துக்கோ. உனக்குத் தாகம் கிடையாது. இந்த போர்ட்லண்டு ஊர்ல தாகத்துக்காக எவனும் வீட்ல காய்ச்ச வேண்டாம். நாலு தெரு நடந்தா ரெண்டு இடத்துல பீர் வடிச்சு ஊத்துதான். உனக்கு வந்திருக்கிறது சாமான் ஆசை. கார்வாலிஸ்ல படிக்கும்போது கையில காசு கிடையாது. சாம்பார் வைக்கிற அண்டாவுலயே காய்ச்சுனே, நல்லாவும் இருந்துச்சு. அப்புறம் கலியாணம், பிள்ளைக, வீட்டுக்கடன். இப்ப பிள்ளைக தானா சைக்கிள்ல போகுதுக, ஞாயித்துக்கெழம மத்தியானம் உனக்குன்னு மிச்சப்படுது. ஒடனே கம்ப்யூட்டரைத் தொறந்து எவர்சில்வர் அண்டா, பம்பு, கண்ணாடிக்கூண்டுன்னு பாக்க ஆரம்பிச்சுட்டே. ராத்திரி பதினொரு மணிக்கு நீ எதைப் பாத்துட்டு உக்காந்திருக்கேன்னு உன் வீட்டுக்காரிக்குத் தெரியும்ல. அவ சொன்ன விலையைக் கேட்டு, அந்தக் காசுக்கு நம்மூர்ல ஒரு சோடி உழவுமாடு வாங்கிரலாமேன்னு நெனச்சேன். வாயத் தொறந்து சொல்லல.

போன வாரம் நீ ஆபீஸ் போயிருந்தப்ப உன் கேரேஜ் பரண் சாமானையெல்லாம் நான் ஒரு தடவை எறக்கிப் பாத்துட்டேன். கோவிச்சுக்காத. மகன் வீட்டுக்கு அமெரிக்கா வந்த கெழவனுக்கு வேற என்ன சோலி?

அந்த வெள்ளை பிளாஸ்டிக் வாளி இருக்கே, அதுக்குள்ள கைய விட்டு நகத்தால தடவிப் பாரு. நகம் மாட்டும். கம்பி நாரு போட்டுத் தேச்சிருக்கே. அந்தக் கீறலுக்குள்ள எந்த மருந்துத் தண்ணியும் போகாது. கிருமி மட்டும் சொகமாக் குடித்தனம் பண்ணும். அது போகட்டும், கார் கழுவ வச்சுக்கோ. ரப்பர் குழாய் மஞ்சள் பூத்து வெறச்சுப் போச்சு, அதுவும் குப்பைக்கு. ஈஸ்ட் பொட்டலத்துல அடிச்சிருக்கிற தேதியைப் பாத்தேன். உன் சின்னவளுக்கு மூத்தது அது. ஹாப்ஸ் வச்ச ஜரிகைப் பை வாயைத் தொறந்தா, அப்பப்பா, அழுக்குக் காலுறையும் பழைய சீஸும் கலந்த ஒரு வாடை. காத்து பட்டுக் கெட்டுப்போன ஹாப்ஸுக்கு அந்த வாடைதான் வரும்னு பின்னால ஒரு அம்மா எனக்குச் சொல்லிக் குடுத்தா. அவ கதைக்கு வாரேன்.

உருப்படியா மிஞ்சுனது கண்ணாடி ஹைட்ரோமீட்டர் ஒண்ணுதான். அதையும் நம்பிராத. சாதாத் தண்ணியில மெதக்க விடு. 60 ஃபாரன்ஹீட் தண்ணியில 1.000 காட்டணும். உள்ள இருக்கிற காகிதம் லேசா வழுக்கியிருந்தாலும் அது உனக்கு ஆயுசு பூரா பொய்தான் சொல்லும்.

ஆக உன்கிட்ட இருக்கிற முதல் ஒரு கண்ணாடிக் குச்சியும் ஒரு ஆசையும். இதுக்கு மேல எதையும் வாங்கதுக்கு முன்னால ஒரு கடையைப் புடி. சாமானுக்காகச் சொல்லல. சாமானை எவனும் வீட்டு வாசல்ல கொண்டாந்து போட்டுட்டுப் போயிருவான். உனக்கு வேணுங்கிறது, "இது உனக்கு வேண்டாம், போ"ன்னு சொல்ல ஒரு ஆளு. வீட்டுக்காரி சொன்னா உனக்கு ரோசம் வரும். கடைக்காரன் சொன்னா தலைய ஆட்டிட்டுக் கேப்பே.

இந்த நாட்டுச் சங்கதியைக் கொஞ்சம் தோண்டிப் பாத்தேன். பேரன்தான் படிச்சுச் சொன்னான். இங்க வீட்ல காய்ச்சலாம்ங்கிற சட்டத்துக்கு முன்னால கடை வந்திருக்கு மருமவனே! ஒரேகான் மாநிலத்துல 1916 சனவரி ஒண்ணாந் தேதியே மதுவிலக்கு. இந்த போர்ட்லண்டுல எஃப்.எச். ஸ்டைன்பார்ட்னு பீர் காய்ச்சுற சாமான் விக்கிற கடை தொடங்குனது 1918-ல. மாநிலமே வறண்டு கெடக்கு, இவன் கடையைத் தொறக்கான். அந்த நெஞ்சழுத்தத்தை நீ மெச்சணும். 1920-ல நாடு முழுக்கத் தடை வந்தாச்சு. பெரிய பெரிய பீர் கம்பெனிக்காரன் என்ன பண்ணுனான்? மால்ட் பாகைத் தகர டப்பாவுல அடைச்சு, "ரொட்டி சுட நல்லாயிருக்கும்"னு விளம்பரம் போட்டு வித்தான். பட்வைசர் பேர்லயே மால்ட் பாகு வந்துச்சு. அந்த டப்பாவை வாங்குனவுகள்ல எத்தனை பேரு ரொட்டி சுட்டாவ? போலீசுக்கும் தெரியும், பலசரக்குக் கடைக்காரனுக்கும் தெரியும், அடுத்த வீட்டுப் பாட்டிக்கும் தெரியும்.

1933-ல தடையை எடுத்தப்ப வீட்ல ஒயின் போட்டுக்கலாம்னு விட்டாவ. பீரை விட்டுட்டாவ. அது சரியாகறதுக்கு 1978 வரைக்கும் ஆச்சு. சிம்மி கார்ட்டர் அந்த அக்டோபர்ல கையெழுத்துப் போட்டாரு, மறு வருசம் பிப்ரவரியில அமலுக்கு வந்துச்சு. அப்பவும் மாநிலத்துக்கு மாநிலம் தனிச் சட்டம். மிசிசிப்பியும் அலபாமாவும் 2013-லதான் எறங்கி வந்துச்சுன்னா பாத்துக்கோ.

இதுல எனக்குப் புடிச்ச ஆளு கென் கிராஸ்மன். கலிபோர்னியாவுல சிக்கோன்னு ஒரு ஊரு. 1976-ல, அதாவது கார்ட்டர் கையெழுத்துக்கு ரெண்டு வருசம் முந்தி, வீட்ல காய்ச்சுறவுகளுக்குச் சாமான் விக்க ஒரு சின்னக் கடை போட்டாரு. அந்தக் கடைக்காரர்தான் பின்னால சியரா நெவாடா கம்பெனியைத் தொடங்குனாரு. 1980-ல அவிய போட்ட பேல் ஏல்ல மணந்தது கேஸ்கேட் ஹாப்ஸ். அது எங்க வளந்த சரக்குங்கே? நீ படிச்ச அதே கார்வாலிஸ்லதான், அரசாங்க ஆராய்ச்சியில உருவாக்கி 1972-ல வெளிய விட்டது. நாலு வருசம் அந்த ஊர்ல இருந்தியே, இது உனக்குத் தெரியுமால? தெரிஞ்சிருந்தா பரீட்சையில இன்னும் ரெண்டு மார்க்கு கூட வாங்கியிருப்பே.

நம்மூர் நெலமைய நெனச்சுப் பாரு. 1937-ல போட்ட மதுவிலக்குச் சட்டம் இன்னும் உசுரோட இருக்கு, 1987-ல இருந்து கள்ளும் கூடாது. சர்க்காரே கடை வச்சுப் பாட்டில் விக்கலாம். பனையில இருந்து தானா சொட்டுறதைக் குடிச்சா வண்டியில ஏத்திருவான். நீ இங்க கேரேஜ் கதவைத் தொறந்து வச்சுக்கிட்டே காய்ச்சுதே, பக்கத்து வீட்டுக்காரன் நாய்க்குட்டியோட வந்து நின்னு "என்ன ரகம்?"னு கேக்கான். குடுத்து வச்சவன்தான்.

சரி, கடைய எப்படிப் பாக்கணும்னு சொல்லுதேன். மகன் என்னை ரெண்டு கடைக்குக் கூட்டிட்டுப் போனான். ஒண்ணு பேரு வேண்டாம். உள்ள போன ஒடனே பளபளன்னு எவர்சில்வர் அண்டாதான் கண்ணுல அடிக்கும். சரக்குப் பை எல்லாம் சன்னல் வெயில்ல காயுது. ஈஸ்ட் பொட்டலம் கல்லாப்பெட்டி பக்கத்துல, சூயிங்கத்தோட தொங்குது. கடைப் பையன் போன்ல இருந்து தலையத் தூக்கல. நான் ஒரு கேள்வி கேட்டேன். எந்தக் கடைக்குப் போனாலும் நான் ஒரு கிறுக்குக் கேள்வி கேப்பேன். சரியான கேள்வியைக் கேட்டா எவனும் சரியான பதிலைச் சொல்லிருவான், ஆளு வெளங்காது. "இந்த ஹாப்ஸை ரசத்துல போடலாமா?"ன்னு மகனை விட்டுக் கேக்கச் சொன்னேன். அவன் கூச்சத்துல நெளிஞ்சுக்கிட்டே கேட்டான். பையன், "ஷ்யூர், ஒய் நாட்"ன்னான். வெளிய வந்துட்டோம்.

ரெண்டாவது கடை பழைய கிட்டங்கி. வாசல்லயே மொளைகட்டிக் காய வச்ச பார்லி வாசம் வருது. அங்க நரைச்ச தலையும் சாக்குத்துணி ஏப்ரனுமா ஒரு அம்மா. அதே கேள்வியைக் கேட்டேன். அவ சிரிக்கல. கண்ணைச் சுருக்கி என்னை ஒரு பார்வை பாத்தா. குளிர்ப்பெட்டியத் தொறந்து, ஒரு பையில இருந்து பச்சையா நாலு உருண்டைய எடுத்து என் உள்ளங்கையில வச்சு, "தேய்ச்சு மோந்து பாருங்க"ன்னா. தேய்ச்சேன். நாரத்தைத் தோலும் பைன் மரப் பிசினும் சேந்து மூக்குல ஏறுச்சு. விரல் பிசுபிசுன்னு ஒட்டுது. "இதை ரொம்ப நேரம் கொதிக்க விட்டா கசப்பு மட்டும்தான் எறங்கும், வாசம் ஆவியாப் போயிரும். உங்க சூப்புல போடணும்னா அடுப்பை அணைச்சுட்டு ஒரே ஒரு உருண்டை போடுங்க, ஒடனே வடிகட்டிருங்க. எனக்கு என்னவோ நல்லாயிருக்காதுன்னுதான் தோணுது"ன்னா. நம்ம வீட்ல கொத்தமல்லித்தழைய ரசத்தை எறக்குத நேரத்துல கிள்ளிப் போடுத அதே கணக்கு. ஒரு மணி நேரம் கொதிக்கிற சட்டியில மொதல்ல போடுறது கசப்புக்கு, கடைசியில போடுறது வாசத்துக்குன்னு பீர் சங்கதி பாதிய எனக்கு ரசத்தை வச்சே வெளங்க வச்சுட்டா. இந்த அம்மாவை விடாதன்னு அப்பவே மனசுல முடிஞ்சு வச்சேன்.

அப்புறம் அவ என்னைக் கேக்க ஆரம்பிச்சா. உங்க ஊர்ல என்ன காய்ச்சுவீங்கன்னா. எங்க திசையன்வெளைப் பக்கம் காய்ச்சவே வேண்டாம், பனையே தரும்னு சொன்னேன். கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவிக் கட்டுனா விடியக்காலம் பதநீர், தடவாமக் கட்டுனா கள்ளு. ஈஸ்டை யாரும் வாங்குறதில்ல, காத்துலயும் பாளையிலயும் பழைய கலயத்துலயும் அதுவா இருக்குன்னேன். அந்த அம்மா நோட்டை எடுத்து எழுதிக்கிட்டா. சுண்ணாம்பு எவ்வளவு, கலயத்தைக் கழுவுவாங்களா, எத்தனை மணிக்கு எறக்குவாங்கன்னு கேட்டுக் கேட்டு எழுதுதா. வந்தவன்கிட்ட வெவரம் கேட்டு எழுதி வச்சுக்கிற கடைக்காரியை நான் நம்மூர் உரக்கடையிலகூடப் பாத்ததில்ல.

நீ போனா அங்க கவனிக்க வேண்டியதைச் சொல்லுதேன். ஈஸ்ட் குளிர்ப்பெட்டிக்குள்ள இருக்கான்னு பாரு, தேதி பாரு. 11 கிராம் உலர் ஈஸ்ட் பொட்டலம் 5 காலனுக்குப் போதும். திரவ ஈஸ்ட் வேணும்னா இந்த மாநிலத்துலயே ஹூட் ரிவர் பக்கம் 1986-ல இருந்து வையீஸ்ட்காரன் வளத்து அனுப்புதான், ஏழு மலை தாண்டி வரத் தேவையில்ல. மால்ட் பாகு வாங்கினா நிறத்தைக் கேளு. கெடந்து கெடந்து கறுத்துப் போகும். தானியமா வாங்கினா அரவை மெசினுகிட்டப் போய் நில்லு. அந்த அம்மா மொதப் பிடி அரைச்ச ஒடனே கையில அள்ளி, விரலால பரத்திப் பாத்தா. உமி முழுசா இருக்கு, உள்ள பருப்பு மட்டும் ரெண்டு மூணாத் தெறிச்சிருக்கு. அப்புறந்தான் மிச்சத்தைக் கொட்டுனா. மாவா அரைச்சுட்டா வடிக்கும்போது அடைச்சுக்கும், நீ கரண்டியும் கையுமா ராத்திரி பூரா நிக்கணும். முழுத் தானியம் மாசக்கணக்குல தாங்கும். அரைச்சது நாளாக நாளாகச் சொரணை போயிரும். அதனால காய்ச்சப் போற வாரத்துலதான் அரைச்சு வாங்கணும். தள்ளுபடி போட்டிருக்கான்னு அரைச்ச மூட்டைய வாங்கி அடுக்குன, நான் உங்கம்மாவுக்குப் போன் போட்டுருவேன்.

அவ என் மகன்கிட்டக் கேட்ட மொதக் கேள்வி, "எந்தத் தண்ணியில காய்ச்சப் போறீங்க?" குழாய்த் தண்ணின்னான். இந்த ஊர்க் குழாயில வரது புல் ரன் மலைத் தண்ணி, உப்பு ரொம்பக் கம்மி, நல்ல தண்ணிதான். ஆனா குளோரினையும் அம்மோனியாவையும் சேத்து விடுதான். குளோராமினாம். சும்மா கொதிக்க வச்சா லேசுல போகாது. அது மால்ட்டோட சேந்துச்சுன்னா பீர்ல ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி வாசம் வரும். கார்வாலிஸ்ல நீ ஒரு தடவை காய்ச்சிட்டு, "ஜெர்மன் ருசி மாமா"ன்னு போன்ல பீத்திக்கிட்டியே, கூட இருந்த பயலுக அது பேண்டெய்டு ருசின்னு பின்னால என் மகன்கிட்டச் சொன்னாங்களாம்! ஜெர்மன்காரன் பாவம். அதுக்கு மருந்து கேம்ப்டன் மாத்திரை. ஒண்ணு 20 காலனுக்குப் போதும். நீ எடுக்கிற தண்ணிக்கு அரை மாத்திரையே தாராளம், பொடிச்சுப் போட்டுக் கலக்குனாச் சரி. அந்த அம்மா இதைச் சொல்லிட்டு, மகன் கையில எடுத்து வச்சிருந்த தண்ணி சுத்தம் பண்ணுத பெரிய கருவியை வாங்கி அலமாரியிலயே திருப்பி வச்சுட்டா. நான் சொன்னேனே, வேண்டாம்னு சொல்ல ஒரு ஆளுன்னு. அந்தக் கருவி விலைக்கு மாத்திரை வாங்கினா உன் பேரன் காலம் வரைக்கும் வரும்.

விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும், சொல்லிட்டேன். கம்ப்யூட்டர்ல ரெண்டு டாலர் கம்மின்னு நீ மூக்கால அழுவே. ஆனா ஞாயித்துக்கெழம ராத்திரி வாளிக்குள்ள ஒண்ணும் நடக்கலியேன்னு பயந்து, மறுநாள் காலையில நீ யாரைக் கூப்புடுவே? கம்ப்யூட்டரையா? இந்தத் தொழில்ல கடைக ஒண்ணொண்ணா மூடிக்கிட்டு வருதுக. இவகிட்ட ஓசியில ஒரு மணி நேரம் வெவரம் கேட்டுட்டு, வெளிய வந்து கார்ல உக்காந்து போன்ல ஆர்டர் போடுறவனால்தான் பாதிக் கடை மூடுச்சு. நீ அப்படிச் செய்ய மாட்டே. செஞ்சாலும் என் கண்ணுல படாமச் செய்யி.

மொதக் காய்ச்சலுக்குப் பெருசா எதுலயும் கைய வைக்காத. மாம்பழம் போடுதேன், ஏலக்காய் போடுதேன், மெளகாய் போடுதேன்னு உன் புத்தி போகும். போகட்டும், அடுத்த வருசம் போகட்டும். சாதா பேல் ஏல், 5 காலன், கேஸ்கேட் ஹாப்ஸ். நல்லாக் கழுவு, கழுவுனதுக்கு அப்புறம் ஸ்டார் சான்ங்கிற கிருமி மருந்து போட்டு முக்கி எடு. 5 காலன் தண்ணிக்கு ஒரு அவுன்ஸ். நொரை ஒட்டியிருந்தா அப்படியே விடு, திரும்பக் கழுவி அலசுனா மறுபடியும் கிருமிய அழைச்சுட்டு வரதுதான். காய்ச்சுனது ஆறுனப்புறம் ஈஸ்டைப் போடு, 18லேருந்து 20 டிகிரி செல்சியஸுக்குள்ள இருட்டா ஒரு மூலையில வை. அப்புறம் மூடியத் தொறக்காத. தொறக்காதன்னா தொறக்காத. நீ அரை மணிக்கு ஒருக்கா எட்டிப் பாக்குற ஆளு. குமிழ் நின்னு போச்சேன்னு பதறாத, குமிழ் நிக்கிறதுக்கு மூடி சரியாப் பொருந்தாததே போதும். ஹைட்ரோமீட்டர்தான் சாட்சி; ரெண்டு மூணு நாள் தள்ளித் தள்ளிப் பாத்தும் ஒரே நம்பர் நின்னா முடிஞ்சுதுன்னு அர்த்தம். அதுக்கு முந்திப் பாட்டில்ல அடைச்சியோ, இல்ல சர்க்கரைய அளக்காமக் கைக்கு வந்தபடி போட்டியோ, பாட்டில் வெடிக்கும். 5 காலனுக்கு நாலுலேருந்து அஞ்சு அவுன்ஸ் மக்காச்சோளச் சர்க்கரை, தராசுல நிறுத்துப் போடு. உன் வீட்டுக்காரி ஊறுகாய் பாட்டிலையெல்லாம் நீ பீர் அடுக்குற அலமாரியிலதான் வச்சிருக்கா, நினைப்பிருக்கட்டும்.

அவளைப் பத்தி ஒரு சங்கதி. இந்த நாட்டுச் சட்டத்துல ஒத்தை ஆளு இருக்கிற வீட்டுக்கு வருசத்துக்கு 100 காலன், பெரியவுக ரெண்டு பேரோ அதுக்கு மேலயோ இருக்கிற வீட்டுக்கு 200 காலன். விக்கக் கூடாது. உன் வீட்டுக்காரி ஒரு சொட்டுக்கூடத் தொடமாட்டா, ஆனா அவ இருக்கிறதால உனக்கு 100 காலன் கூடுதலாக் கெடைக்குது. அந்த நன்றிக்காச்சும் காய்ச்சி முடிச்ச ஒடனே அடுப்பைத் தொடச்சு, சிந்துன பாகைக் கழுவி, சன்னலைத் தொறந்து விடு. காய்ஞ்ச மால்ட் பாகு அடுப்புல ஒட்டிக்கிச்சுன்னா அவகிட்ட நான் உனக்காகப் பரிஞ்சு பேச மாட்டேன்.

எனக்கு விசாவுல ஆறு மாசம்னு முத்திரை குத்திவிட்டான், அதுல பாதி ஓடிப் போச்சு. காய்ச்ச ஒரு நாள், வாளியில ரெண்டு வாரம், பாட்டில்ல ரெண்டு மூணு வாரம். நீ இஞ்சினியர், கணக்கை நீயே போட்டுக்கோ. நான் எனக்காகச் சொல்லல. டாக்டர் வேண்டாம்னு சொல்லியிருக்காரு, ருசி பாக்கிறதைப் பத்தி மட்டும் அவரு ஒண்ணும் சொல்லல. சனிக்கெழம அந்தக் கடைக்குப் போகாத, கூட்டம் நெரியும், அந்த அம்மா நின்னு பேச மாட்டா. வியாழக்கெழம சாயங்காலம் போ. துணைக்கு ஆள் வேணும்னா எனக்கு அன்னைக்கு ஒரு சோலியும் கெடையாது, நாலு மணிக்கே சட்டையப் போட்டுட்டு வாசல்ல நிப்பேன்.